தொண்டையிலிருந்து கண்ணாடிக் குழாய்க்கு

இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கில், கலபார் பகுதியில் வாழும் எஃபிக் மக்கள் ஒரு கொடியின் நச்சு விதையை 'எசெரே' என்று அழைத்தார்கள். சூனியம் வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அதை அரைத்துக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பது அன்றைய வழக்கம். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி; இறந்தால் குற்றவாளி. விதையிலிருந்த நஞ்சு, நரம்புகளின் வேலைக்கு இன்றியமையாத ஒரு நொதியத்தை முடக்குகிறது. அந்தத் தடுப்பானின் வலிமை அங்கே மனிதத் தொண்டையில்தான் அறியப்பட்டது.

அந்த விதை ஸ்கொட்லாந்துக்குப் போனபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1855இல் எடின்பரோப் பேராசிரியர் ரொபர்ட் கிறிஸ்டிசன் அதில் சிறு துண்டைத் தானே தின்று பார்த்தார். உடல் தளரத் தொடங்கியதும், சவரம் செய்த தண்ணீரைக் குடித்து வாந்தியெடுத்துத் தப்பினார். 1864இல் ஜோப்ஸ்ட், ஹெஸ்ஸே என்ற இரு ஜெர்மானியர்கள் நஞ்சைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதுதான் பைசோஸ்டிக்மைன். அது எப்படி வேலை செய்கிறது என்பதை 1926இல் ஓட்டோ லோவியும் நவ்ராட்டிலும் காட்டினார்கள். நரம்பு விடும் அசற்றைல்கோலினை உடனுக்குடன் சிதைக்கும் நொதியத்தை அது நிறுத்திவிடுகிறது.

அதன்பின் இந்தக் கதை இரண்டாகக் கிளைத்தது. 1934இல் கிரீனிச் மருத்துவமனையில் மேரி வோக்கர், தசைகள் சோர்ந்துபோகும் நோயாளி ஒருவருக்கு இதே பைசோஸ்டிக்மைனைக் கொடுத்துப் பலன் கண்டார். 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிகொல்லி தேடும்போது தபுன் என்ற நரம்பு நஞ்சு பிறந்தது. அதுவும் அதே நொதியத்தையே தாக்குகிறது. அல்சைமர் நோயாளிகளுக்கென 1996இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட டொனெபெசில்கூட அதன் தடுப்பானே. கொல்வதற்கும் குணமாக்குவதற்கும் நடுவே இருப்பது அளவும், பிடியின் தன்மையும். அதனால், ஒரு பொருள் நொதியத்தை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்று உடலுக்கு வெளியே அளக்கவேண்டியிருந்தது.

அதற்கான வழி, ஒன்றையொன்று அறியாத இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தது. 1916இல் நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நெல்சனும் கிரிஃபினும், சீனியைப் பிளக்கும் இன்வர்டேஸ் நொதியம் கரித்தூளில் ஒட்டிக்கொண்ட பின்பும் வேலை செய்வதைக் கண்டார்கள். இதைத் தொழிற்சாலை பயன்படுத்த 53 ஆண்டுகள் ஆயின. 1969இல் ஜப்பானின் தனாபே நிறுவனம், ஒட்டவைத்த நொதியத்தால் அமினோ அமிலங்களைத் தயாரித்தது. நொதியம் விலை உயர்ந்தது. ஒட்டி நின்றால் அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

மற்றது மின்சாரத்தின் வழி. மின்புலத்தில் மூலக்கூறுகள் தம் மின்னேற்றத்துக்கும் பருமனுக்கும் ஏற்ப வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து பிரியும், இதுவே எலெக்ட்ரோபோரெசிஸ். தடித்த குழாயில் சூடேறிக் கலங்கிவிடும். 1981இல் வட கரோலினாவில் ஜோர்கென்சனும் லூகாக்ஸும் 75 மைக்ரோமீற்றர் உள்விட்டமுள்ள கண்ணாடிக் குழாயை எடுத்தார்கள். மயிரிழை போன்ற அந்தத் துளையிலிருந்து வெப்பம் விரைவாக வெளியேறியதால் 30,000 வோல்ட் வரை கொடுக்க முடிந்தது.

1992இல் அமாங்க்வாவும் கூரும் இத்தகைய குழாயின் உட்சுவரிலேயே டிரிப்சின் நொதியத்தை ஒட்டவைத்தபோது இரு வழிகளும் சந்தித்தன. அவர்களுடைய நோக்கம் புரதங்களை நறுக்குவது. தடுப்பான் தேடுபவர்கள் பின்னர் அதே உத்தியைக் கையிலெடுத்தார்கள். குழாயின் வாயருகே சுவரில் நொதியம் ஒட்டியிருக்கும். அது பிளக்கும் பொருளோடு, சோதிக்கவேண்டிய மூலிகைச் சாற்றையோ செயற்கைச் சேர்மத்தையோ கலந்து உள்ளே விடுவார்கள். சற்றுக் காத்திருந்து மின்சாரம் கொடுத்தால், பிளவுபட்டதும் படாததும் தனித்தனியே ஓடி, உணரியில் இரண்டு முகடுகளாகத் தெரியும். பிளவுபட்டதன் முகடு தாழ்ந்தால் சாற்றில் தடுப்பான் இருக்கிறது. எவ்வளவு தாழ்ந்தது என்பதே அதன் வலிமையின் அளவு. 75 மைக்ரோமீற்றர் குழாயில் ஒரு சென்ரிமீற்றர் நீளத்துக்கு 44 நனோலீற்றர்தான் கொள்ளும். கழுவிவிட்டு அடுத்த சாற்றைச் செலுத்தலாம். நொதியம் அங்கேயே இருக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. சுவரில் ஒட்டிய நொதியம் தன் வடிவம் சற்று மாறி நடந்துகொள்ளலாம். ஈரலும் இரத்தமும் ஒரு சேர்மத்தை என்ன செய்யும் என்பதைக் குழாய் சொல்லாது. மருந்தாகுமுன் அது விலங்குகளிடமும், சம்மதித்து முன்வரும் மனிதர்களிடமும் போகத்தான் வேண்டும். ஆனால் நூற்றுக்கணக்கான சாறுகளில் பெரும்பாலானவை குழாயிலேயே கழிந்துவிடுகின்றன. கலபாரில் குடித்தவர்களுக்குச் சம்மதமும் இல்லை, அளவும் தெரியாது. அவர்களுடைய பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை. இந்தத் துறையின் வரலாற்றை எழுதுபவர் 1916இலிருந்தோ 1981இலிருந்தோ தொடங்குவது வழக்கம். அவர்களிடமிருந்து தொடங்குவதே நியாயம்.