பழைய ஆர்எக்ஸ்-ஸெட்: எண்ணெய் தீர்ந்தால் எஞ்சினும் தீர்ந்தது

1985 முதல் 2011 வரை மலேசியாவில் விற்பனையான யமஹா ஆர்எக்ஸ்-ஸெட், ஒரு தலைமுறை இளைஞர்களின் கனவு வண்டி. காற்றால் குளிரும் 133 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின். தொடக்கத்தில் 5 கியர், பின்னர் 6 கியர். தீபகற்பத்தில் சாலை வரி ஆண்டுக்கு 2 ரிங்கிட்தான் இருந்தது. செலவு வைப்பது எஞ்சின்.

ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் கிரேங்க் இரண்டு முறை சுற்றினால்தான் ஒரு தடவை எரிபொருள் எரியும். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் எரியும். சிறிய எஞ்சின் அப்படிச் சீறுவது அதனால்தான். ஆனால், பிஸ்டனுக்கு வழவழப்புத் தர அடியில் எண்ணெய் தேங்கி நிற்காது. தனித் தொட்டியில் ஊற்றும் 2டி எண்ணெயை ‘ஆட்டோலூப்’ பம்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்பும். அது பெட்ரோலோடு எரிந்து புகையாகப் போய்விடும். அந்த நீலப் புகையைக் குறை சொல்பவர்கள் உண்டு. புகையே வராத பழைய வண்டிதான் உண்மையில் கவலைக்குரியது.

பம்பு பழுதானாலோ தொட்டி வறண்டாலோ பிஸ்டன் சூடேறி விரியும். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரிவதால், சிலிண்டருக்குள் அப்படியே இறுகிவிடும். ஓடும்போது இது நடந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டுபவர் உடனே கிளட்சைப் பிடிக்காவிட்டால் விழ வேண்டியதுதான். பிறகு சிலிண்டரைக் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டன் போட வேண்டும். அதையும் சில தடவைதான் செய்ய முடியும்.

கேமரன் மலை போன்ற நீண்ட இறக்கங்களில் திராட்டலை முழுக்க மூடிக்கொண்டே இறங்கக் கூடாது. எஞ்சின் வேகமாகச் சுற்றும், எண்ணெயோ குறைவாகவே போகும். அவ்வப்போது லேசாகத் திருகிவிட வேண்டும். சத்தத்துக்காகப் புகைக்குழாயை மாற்றுபவர்களும் கவனிக்க வேண்டும்: கார்பரேட்டர் ஜெட்டை அதற்கேற்ப மாற்றாவிட்டால் பெட்ரோல் குறைந்து, காற்று மிகுந்து, எஞ்சின் கொதிக்கும்.

வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பெயிண்டின் பளபளப்பை அல்ல, எண்களை. எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் உரிமைப் பத்திரத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். திருடர்களுக்கும் பிடித்த வண்டி இது. எண்ணைச் சுரண்டி மறுபடி அடித்த தடம் தெரிந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் முன்பணம் கொடுக்க வேண்டாம். எண்கள் சரியாக இருந்தால், எண்ணெய்த் தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். பம்பைக் கழற்றிவிட்டு எண்ணெயைப் பெட்ரோலில் கலந்து ஓட்டிய வண்டியா என்றும் கேளுங்கள். அப்படியானால், பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் எண்ணெயை அளந்து ஊற்றுவது இனி உங்கள் வேலை.