விரல் போட்ட கோடு

கதை எழுதுகிறவர்களின் கை சும்மா இருக்காது. தங்கள் ரணத்தைக்கூட எழுதி வைத்துவிடும். ஆங்கில நாவலாசிரியை ஃபானி பர்னி அம்மாளும் அப்படித்தான் செய்தார். 1811-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி, பாரிஸில் அவருடைய வீட்டிலேயே ரணசிகிச்சை நடந்தது. புற்றுநோய் என்று தீர்மானித்து, வலது மார்பை அறுத்தெடுத்தவர் நெப்போலியனின் படை வைத்தியர் லாரே. மயக்க மருந்து வருவதற்கு இன்னும் 35 வருஷங்கள் இருந்தன. அம்மாளின் முகத்தில் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போட்டார்கள். அதன் வழியே வைத்தியரின் விரல் தெரிந்தது. அது காற்றில் மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, பிறகு ஒரு வட்டம் போட்டது. முழு மார்பும் போகப் போகிறது என்பதை அந்த விரலைப் பார்த்தே அவர் தெரிந்துகொண்டார்! அதற்குப் பின் 28 வருஷம் உயிர் வாழ்ந்தார்.

மயக்க மருந்து வந்ததும் வலி போயிற்று. கத்தியின் வீச்சோ அதிகமாயிற்று. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பு, அதன் அடித்தசை, அக்குளின் நிணநீர் முடிச்சுகள் ஆகிய எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்தார். அவ்விதம் செய்த 50 பேரைப் பற்றி 1894-ல் எழுதினார். அவரைக் கொடியவர் என்று சொல்லலாகாது. அறுத்த இடத்திலேயே நோய் மறுபடி முளைப்பதை அவர் முறை வெகுவாகக் குறைத்தது. களையை வேரோடு பிடுங்கினால் தீர்ந்தது என்று நம்பினார். பிழைத்த பெண்களுக்கோ மார்பு குழிந்தது, கை வீங்கியது. லண்டனில் ஜெஃப்ரி கெயின்ஸ் 1920-களிலேயே ரேடியம் ஊசிகளை வைத்து, குறைவாக அறுத்து, பலன் குறையவில்லை என்றார். அமெரிக்காவில் அதைக் கேட்பாரில்லை.

அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. கட்டியைச் சோதிக்க மயக்கம் கொடுப்பார்கள்; புற்று என்றால் அதே மயக்கத்திலேயே மார்பை எடுத்துவிடுவார்கள். கையெழுத்து முன்னாலேயே வாங்கியாகிவிடும். 1974-ல் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர், தமக்குச் சோதனை மட்டும் முதலில் போதும் என்றார். பல வைத்தியர்கள் மறுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை, எழுதினார், வாதாடினார். 1979-ல் அமெரிக்க அரசாங்க ஆராய்ச்சி ஸ்தாபனம் கூட்டிய நிபுணர் சபையில் அவரும் இருந்தார். சோதனை வேறு, சிகிச்சை வேறாக இருக்க வேண்டும் என்று அந்தச் சபை சொல்லிற்று.

சரி, குறைவாக அறுத்தால் உயிருக்கு ஆபத்தில்லையா? பிட்ஸ்பர்க்கின் பெர்னார்ட் ஃபிஷர் 1976-ல் இதைப் பரீட்சிக்கத் தொடங்கினார். 1,851 பெண்களைச் சீட்டுக் குலுக்குவது போல மூன்றாகப் பிரித்தார்கள். சிலருக்கு முழு மார்பும், சிலருக்குக் கட்டி மட்டும் எடுக்கப்பட்டது. மற்றவர்களுக்குக் கட்டியை எடுத்துக் கதிர் சிகிச்சையும் தந்தார்கள். இருபது வருஷக் கணக்கு 2002-ல் வெளியாயிற்று. உயிர் பிழைத்திருப்பதில் மூன்று பிரிவுக்கும் வித்தியாசமில்லை! மிலான் நகரில் வெரோனேஸி 701 பெண்களிடம் கண்டதும் இதுவே. ஆனால் கட்டியை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர் சிகிச்சையும் பெற்றவர்களில் 14 பேருக்குத்தான்.

ஆகவே ஆரம்ப நிலையில் பல பெண்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. கதிர் சிகிச்சைக்கு நாள்தோறும் போய்வர முடியாதவள் முழுதும் எடுத்துவிடச் சொல்லலாம். மார்பைக் காத்துக்கொள்ள விரும்புகிறவள் கதிரை ஏற்கலாம். கட்டி பெரிதாகவோ பல இடங்களிலோ இருந்தால் நிலைமை வேறு. எதுவானாலும், வைத்தியர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யோசிக்க இரண்டு நாள் கேட்கும் பெண்ணை அவசரப்படுத்தவும் கூடாது.