இரு மொழி நிரல்கள் ஒன்றுகூடிய வரலாறு

கணினிக்குக் கட்டளையிட மனிதர் ஆக்கிய செயற்கை மொழிகள் பல. அவற்றை நிரல்மொழிகள் என்கிறோம். ஒரு மொழியில் எழுதிய நிரல், வேறொரு மொழியில் எழுதிய நிரலை அழைத்து வேலை வாங்க இயலுமா? இயலும். அது எவ்வாறு இயன்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மொழிகளுக்கிடையே உறவு எதனால் நிலைபெறுகிறது என்று சிந்திக்கும் தமிழாசிரியர்களுக்கு இவ்வரலாறு பயன் தரும்.

அழைப்பின் தோற்றம்

1949 ஆம் ஆண்டு மே 6 ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணினி முதன்முதலாக ஒரு நிரலை இயக்கிற்று. வர்க்கமூலம் காண்பது போன்ற கணக்குகள் அடிக்கடி வேண்டப்பட்டன. ஒவ்வொரு முறையும் அவற்றைப் புதிதாக எழுதுவது வீண் உழைப்பன்றோ? ஆகவே ஒருமுறை எழுதி வைத்து, வேண்டும்போது அழைத்துக்கொள்ளும் துணைநிரல்களை அங்குள்ளோர் வகுத்தனர். வேலை முடிந்ததும் துணைநிரல் எங்கே திரும்ப வேண்டும்? அழைக்கும் நிரல் தன் இருப்பிடத்தைக் குறிப்பிட்ட ஓரிடத்தில் வைத்துவிட்டுச் செல்ல வேண்டும் என்னும் முறையை டேவிட் வீலர் கண்டார். வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் 1951 இல் வெளியிட்ட நூல் இவற்றை உலகறியச் செய்தது. அழைப்பு என்பது இரு தரப்பாரின் உடன்பாடு என்னும் கருத்து இங்கே வேரூன்றிற்று.

1957 இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டனர். மறு ஆண்டு வந்த அதன் இரண்டாம் பதிப்பில், நிரலின் பகுதிகளைத் தனித்தனியே பொறிக்கட்டளைகளாக மாற்றிப் பின்னர் இணைக்கும் வசதி இருந்தது. பொறிமொழியை ஒட்டிய மொழியில் எழுதிய பகுதிகளையும் அவற்றோடு சேர்க்க முடிந்தது. எம்மொழியில் எழுதினும் இறுதியில் யாவும் பொறிக்கட்டளைகளே ஆகின்றன. ஆதலால் இங்கே மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

மரபுகளின் மோதல்

அப்படியாயின் இடர் எங்கே எழுந்தது? கொடுக்கல் வாங்கல் மரபில் எழுந்தது. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் சி மொழியை ஆக்கினார். ஓர் எண்ணைத் துணைநிரலுக்கு அனுப்பும்போது சி அவ்வெண்ணின் மதிப்பையே அனுப்பும். ஃபோர்ட்ரானோ எண் இருக்கும் இடத்தின் முகவரியை எதிர்பார்க்கும். 5 என்னும் எண்ணை அனுப்பினால், அதை 5 ஆம் எண் வீடு என்று எண்ணி ஃபோர்ட்ரான் கதவைத் தட்டும். பெயரிலும் வேற்றுமை உண்டு. பல ஃபோர்ட்ரான் தொகுப்பிகள் துணைநிரலின் பெயரோடு ஓர் அடிக்கோட்டை ஒட்டிவிடும். ஒட்டாத பெயரைச் சொல்லி அழைத்தால் இணைப்பி அதை அறியாது.

இவற்றினும் கொடியது அட்டவணை வேற்றுமை. முதல் வரிசையில் 1, 2, 3 என்றும் இரண்டாம் வரிசையில் 4, 5, 6 என்றும் உள்ள அட்டவணையைச் சி வரிசைவாரியாக அடுக்கும். ஃபோர்ட்ரான் நெடுக்குவாரியாகப் படிக்கும். எனவே சி அனுப்பியதை 1, 3, 5 என்றும் 2, 4, 6 என்றும் அது கொள்ளும். பிழை என்று எச்சரிப்பார் எவருமிலர். தவறான விடை சரியான விடைபோலவே வெளிவரும். பாலம் கட்டுவோரும் வானிலை கணிப்போரும் கணினியை நம்பும் காலத்தில் இஃது எத்துணை ஆபத்தானது!

எழுதுவதா, அழைப்பதா?

எல்லாவற்றையும் ஒரே மொழியில் திருப்பி எழுதிவிட்டால் என்ன என்று கேட்கலாம். 1992 இல் ஃபோர்ட்ரானில் வெளிவந்த லேப்பேக் என்னும் நிரல்தொகுதி, ஒருங்கமை சமன்பாடுகள் முதலியவற்றைத் தீர்ப்பது. அறிஞர் பலர் நுணுகி ஆய்ந்து திருத்திய செல்வம் அது. திருப்பி எழுதினால் களைந்த பிழைகள் மீண்டும் நுழையக்கூடும். அதனால் அறிவுடையோர் அழைக்கும் வழியை நாடினர். 1991 இல் வெளிவந்த பைதான் மொழியின் முதன்மை இயக்கி சி மொழியில் எழுதப்பட்டது. அந்தச் சி வழியாகவே சைபை என்னும் நூலகம் லேப்பேக்கை அழைக்கிறது. இன்று பைதான் கற்கும் மாணவன் ஒரே வரியில் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கும்போது முந்திய தலைமுறையின் உழைப்பு அவனுக்குத் துணை நிற்கிறது.

இவ்வுறவுக்குரிய விதிகளை ஃபோர்ட்ரான் தன் இலக்கணத்திலேயே எழுதியது மிகப் பிந்தித்தான். 2003 என்னும் பெயர்தாங்கி 2004 இல் வெளியான தரநூலில், சி மொழியோடு பெயரும் மதிப்பும் ஒத்துப்போகும் முறை வகுக்கப்பட்டது. 1958 முதல் எண்ணினால் இடைவெளி 46 ஆண்டுகள். அதுவரை ஒவ்வொரு தொகுப்பிக்கும் ஒரு வழக்கு இருந்தது. தரநூல் வந்த பின்னும் அட்டவணையின் அடுக்குமுறை மாறவில்லை. அதைக் கவனிப்பது இன்றும் எழுதுவோர் கடமையே.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? புதுமொழி பிறந்ததென்று பழமொழியின் நல்லறிவை எறிய வேண்டியதில்லை. இரண்டும் தத்தம் இயல்பை விடவும் வேண்டியதில்லை. எதை, எவ்வடிவில், எவ்வரிசையில் ஒப்படைப்பது என்பதில் ஐயமற்ற உடன்பாடு இருந்தால் போதும். அவ்வுடன்பாட்டை எழுத்தில் வைக்காத இடத்தில்தான் பிழை ஒளிந்து வாழ்கிறது.