பள்ளிக்கூட வாசலுக்கு வந்த கூத்து

யாழ்ப்பாண நகரின் கிழக்கு எல்லையிலே கடனீரேரியைத் தழுவிக் கிடக்கும் ஊர் கொழும்புத்துறை. பூநகரிக்குத் தோணியேறுவோர் ஒரு காலத்தில் இத்துறைக்கே வந்தனர். யோகர் சுவாமிகளின் ஆச்சிரமத்தாலும் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையாலும் இவ்வூரின் பெயர் நாடறிந்தது. இங்கிருந்து கரையோரமாக மேற்கே சென்றால் பாசையூர், குருநகர், நாவாந்துறை எனக் கடற்றொழிலாளர் வாழும் ஊர்கள் அடுத்தடுத்து வரும். எஸ்தாக்கியார், தேவசகாயம்பிள்ளை, ஞானசவுந்தரி முதலிய கத்தோலிக்கக் கூத்துக்கள் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்த கரை இது. பகலிற் கடலோடு போராடியவன் இரவில் முடிதரித்து அரசனாய் நின்றான். எழுத்தறியாத இளைஞனும் நீண்ட பாடல்களை மனத்திலிருத்திப் பிசகின்றிப் பாடினான்.

அவனுடைய தம்பி விடிந்ததும் பள்ளிக்கூடம் போனான். அங்கே கூத்தைப் பற்றிய பேச்சே இருக்கவில்லை.

இந்தப் பிளவு எவ்வாறு உண்டாயிற்று? அமெரிக்க மிசனரிமார் 1816 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டையிலே செமினரியை நிறுவினர். கணிதமும் வானசாத்திரமும் ஆங்கிலமும் தமிழும் அங்கே செம்மையாகக் கற்பிக்கப்பட்டன. அதனால் விளைந்த நன்மையை மறுப்பது நன்றிகொன்றதாகும். ஆனால், வடமோடிக் கூத்துக்குப் பேர்பெற்ற ஊரும் அதே வட்டுக்கோட்டைதான். தருமபுத்திர நாடகம் அவ்வூரின் சொத்து. ஓர் ஊரிலே இரண்டு கல்விகள் இருந்தன. ஒன்றையொன்று அவை அறிந்துகொள்ளவில்லை. பின்னர் எழுந்த சைவப் பாடசாலைகளும் சமயத்தை மாற்றினவேயன்றி இவ்விடயத்தில் வழியை மாற்றவில்லை. உத்தியோகத்துக்கு உதவாத எதுவும் பாடமாகாது என்ற எண்ணம் வேரூன்றிற்று. இதிற் சாதியின் பங்கும் சிறிதன்று. கூத்தாடி என்ற சொல்லே வசைச்சொல்லாயிற்று. படித்தவர் வீட்டுப் பிள்ளை சேக்சுபியரின் வசனங்களை ஒப்புவித்தாற் பெருமை. மத்தளத்துக்குக் காலெடுத்து வைத்தாற் சிறுமை.

இந்நிலை மாறுவதற்கான தூண்டுதல், எதிர்பாராத ஒரு திசையிலிருந்து வந்தது. 1956 நவம்பர் 3 ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ற் அரங்கிலே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரரின் ‘மனமே’ என்ற சிங்கள நாடகம் மேடையேறிற்று. கிராமத்து நாடகம மரபைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் மூலம் அவர் புதுப்பித்துக் காட்டினார். படித்த சிங்கள மக்கள் வியந்தனர். அந்த நாடகம மரபோ தமிழ்க் கூத்தின் வழி வந்தது. சரச்சந்திரரே தமது ஆராய்ச்சியில் இதனை எடுத்துக் காட்டியவர். கடன் வாங்கியவர் வீட்டில் விளக்கெரிய, கொடுத்தவர் வீடு இருண்டு கிடந்தது எனலாம்.

அதே பேராதனையிலே தமிழ் விரிவுரையாளராய் இருந்தவர் கலாநிதி சு. வித்தியானந்தன். தெல்லிப்பழையிலே 1924 இற் பிறந்தவர். பத்துப்பாட்டை ஆராய்ந்து இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். சங்க இலக்கியத்திலேயே காலங்கழித்திருந்தாலும் அவர் பெருமைக்குக் குறைவிராது. ஆயினும் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைமையை ஏற்று, அண்ணாவிமாரைத் தேடி மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சென்றார். பாடசாலைகளுக்கிடையே கூத்துப் போட்டிகளை நடத்துவித்தார். ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த கூத்துக்களைப் பதிப்பித்தார்: 1962 இல் அலங்காரரூபன் நாடகம், 1964 இல் என்றீக்கு எம்பரதோர் நாடகம், 1966 இல் மூவிராசாக்கள் நாடகம்.

1962 ஆம் ஆண்டிலேயே பேராதனை மாணவர் ‘கர்ணன் போர்’ ஆடினர். ஆட்டத்தைப் பழக்கியவர் மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து வந்த செல்லையா அண்ணாவியார். பல்கலைக்கழகப் பட்டம் பெறாத ஒருவர் பட்டதாரிகளாகப் போகும் பிள்ளைகளுக்கு முன்னே ஆசிரியராய் நின்றார். நாடகத்தின் வெற்றியிலும் இதுவே பெரிய செய்தி.

கூத்துப் பழகும் பிள்ளை எதைக் கற்கிறது என்பதைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். முதலிற் சட்டங் கொடுத்தல்: இன்னாருக்கு இன்ன பாத்திரம் என அண்ணாவியார் வகுத்து, அவரவர் பாட்டை ஒப்படைப்பார். அரசன் வேடத்தை விரும்பியவனுக்குக் கட்டியகாரன் கிடைக்கலாம்; ஏற்கத்தான் வேண்டும். பின்னர் மாதக்கணக்கான பழக்கம். தாளக்கட்டை வாய் சொல்ல, கால் அதனைப் பின்பற்றும். ஒருவன் தவறினால் ஆட்டம் முழுவதும் குலையும். ஆகையாற் பிறன் காலடியையும் கேட்டே தன் காலடியை வைக்கப் பழகுகிறான். சதங்கை அணியும் நாளில் ஊர் கூடிப் பார்க்கும். பின்னர் அரங்கேற்றம். நினைவாற்றல், உடற்பயிற்சி, சொற்றெளிவு, பொறுமை ஆகிய யாவும் ஒரே பாடத்தில் அடங்குகின்றன. அவற்றுக்கும் மேலாக, தன் பாட்டனார் எதனைக் கண்டு கண்ணீர் விட்டார் என்பதையும் அப்பிள்ளை அறிகிறது. வரலாற்றுப் புத்தகம் இதனைக் கற்பிக்குமா?

ஆனாலும் கொடுத்த விலையையும் மறைத்தலாகாது. விடியவிடிய ஆடிய கூத்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கிற்று. நாற்புறமும் சனங்கள் சூழ்ந்திருந்த வட்டக்களரி மறைந்து, முன்புறம் மட்டும் திறந்த மேடை வந்தது. ஆட்டம் நகரத்தாருக்கு இனித்தது, ஊராரோ விருந்தினராயினர். சுருக்காமல் விட்டிருந்தால் கூத்து அழிந்திருக்கும் என்று வாதிப்போர் உளர். அவ்வாதத்தில் உண்மை பாதியே. பாசையூரிலும் குருநகரிலும் பேராசிரியர் எவரையும் எதிர்பாராமலே கூத்து ஆடப்பட்டு வந்ததே! அழிய இருந்தது கூத்தன்று. படித்த பிள்ளைக்கும் அதற்கும் இடையேயிருந்த உறவு. வித்தியானந்தன் மீட்டுத் தந்தது அவ்வுறவையே.

அதன் பயன் பின்னர் தெரிந்தது. 1970 களில் அழகியற் கல்வி பாடசாலைகளில் இடம்பெற்றது. நாடகமும் பாடமாகும் நிலை உருவாயிற்று. 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். 1979 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகப் பொறுப்பேற்றவர் வித்தியானந்தனே. 1985 இல், போர் ஊர்களைச் சூழ்ந்த வேளையில், சண்முகலிங்கம் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை அப்பல்கலைக்கழக மாணவர் ஆடினர். வாய்விட்டுச் சொல்ல இயலாத துயரைச் சொல்ல ஒரு மொழி அவர்களிடம் ஆயத்தமாக இருந்தது. அந்த மொழி ஒருநாளிற் கிடைத்ததன்று.

பரீட்சைப் பாடமாகியதால் வந்த இடரும் உண்டு. வடமோடிக்கும் தென்மோடிக்கும் வேறுபாடு யாதென ஐந்து குறிப்புக்கள் எழுதிப் புள்ளி பெறும் பிள்ளை, சதங்கையைத் தொட்டும் பார்த்திராது. அத்தகைய கல்வி, நீச்சலைக் கரும்பலகையிற் கற்பிப்பதை ஒக்கும்.

வித்தியானந்தனின் ‘இராவணேசன்’ பேராதனையில் உருவாயிற்று. அதில் இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு, பிற்காலத்திலே தமது ஊர்களின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். கிழக்குப் பல்கலைக்கழகத்திலே நுண்கலைப் பேராசிரியராய் இருந்து, தாம் இளமையில் ஆடிய அதே இராவணேசனை மற்றொரு தலைமுறை மாணவருக்கு ஆடக் கற்றுக் கொடுத்தார்.