தவணையில் ஒரு மலை

தெற்கு பிரான்ஸில் இருக்கும் மோன் வாந்தூ மலையில் சைக்கிள் மிதிக்கப் போகிறவர்களிடம் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். டாம் சிம்ப்சன் கதை. 1967 ஜூலை 13, டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் 13ஆம் கட்டம். உச்சிக்கு ஒன்றரை கிலோமீட்டர் மிச்சமிருந்தபோது அந்த 29 வயது பிரிட்டிஷ் வீரர் சரிந்து விழுந்து இறந்துபோனார். போன ஜூனில் நாங்கள் ஐந்து பேர் லீவு போட்டுவிட்டு அங்கே போனபோது, சைக்கிள் வாடகைக்குக் கொடுத்தவரும் அதைத்தான் சொன்னார். ஆனால் எங்களை மாதிரி பந்தயமே ஓட்டாத ஆட்கள் அந்த மலையில் ஏற முடிவதற்குக் காரணமானவர் வேறொருவர். அவர் பிறந்த ஊரான பெர்ன், அதே மலையின் அடிவாரச் சமவெளியில்தான் இருக்கிறது. 1853இல் பிறந்த அவர் பெயர் போல் த விவி. எழுத்துலகில் வெலோசியோ.

முதலில் மலை. உயரம் சுமார் 1910 மீட்டர். பக்கத்தில் அதற்கு இணையான மலை ஏதும் இல்லாததால் அந்த வட்டாரத்தில் எங்கே நின்றாலும் கண்ணில் படும். பல நூற்றாண்டுகளாகக் கப்பல் கட்டவும் கரி எரிக்கவும் மரங்களை வெட்டி மொட்டையாக்கிவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் கீழ்ச்சரிவுகளில் திரும்பக் காடு வளர்த்தார்கள். மேலே இன்னமும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்தான். தூரத்திலிருந்து பனி என்றே நினைப்போம்.

இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1336இல் தம்பியோடு இதில் ஏறியதாக ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். (நிஜமாகவே ஏறினாரா என்று ஆய்வாளர்களுக்குள் இன்றும் சண்டை.) அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. தம்பி செங்குத்தான வழியில் நேராக ஏறிப் போகிறார். அண்ணன் சுலபமான வழி தேடி வளைந்து வளைந்து போய்க் களைத்துவிடுகிறார். சுலபமான வழி தேடுவது ஆன்மாவின் பலவீனம் என்று தன்னையே கடிந்துகொள்கிறார்.

சைக்கிள் உலகமும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தது. 1903இல் டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி டெக்ரான்ஜுக்குக் கியர் என்றாலே ஆகாது. அதெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கு, வெல்ல வேண்டியது தசைதான் என்று எழுதியவர் அவர். ஓடும்போதே சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் டிரெயிலர் கருவி அப்போதே இருந்தது. ஆனால் டூரில் அதை அனுமதித்தது 1937இல்தான்.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர் வெலோசியோ. சேன்-எத்தியேன் நகரத்தில் பட்டு வியாபாரம் பார்த்தவர், அதை விட்டுவிட்டு சைக்கிள் பக்கம் வந்தார். 1887இல் ஒரு சைக்கிள் பத்திரிகை தொடங்கினார். மலை ஏறப் பல கியர் வேண்டும் என்று பல்லாண்டுகள் அதில் விடாமல் எழுதினார். தானே சோதனை செய்தார், நண்பர்களையும் வாசகர்களையும் கூட்டிக்கொண்டு நெடுந்தூரப் பயணம் போனார். ஈஸ்டர் லீவில் கூட்டமாக இந்தப் புரொவான்ஸ் பக்கம் வருவது அவர்கள் வழக்கம். இன்றைக்கு 'குரூப் ரைடு' என்று நாம் சொல்வதன் தொடக்கங்களில் அது முக்கியமான ஒன்று.

கியர் என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். பெதுவான் கிராமத்திலிருந்து உச்சிக்கு 21 கிலோமீட்டர் சொச்சம், ஏற வேண்டிய உயரம் சுமார் 1600 மீட்டர். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், புவியீர்ப்புக்கு மட்டும் கட்ட வேண்டியது சுமார் 12.5 லட்சம் ஜூல். எந்தக் கியர் போட்டாலும் இந்தத் தொகையில் ஒரு ஜூல் குறையாது. 9 சதவீதச் சரிவில் மணிக்கு 9 கிலோமீட்டரில் போகிறோம் என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 5 மீட்டர் நகர்த்தும் ஒற்றைக் கியரில் நிமிடத்துக்கு 30 முறைதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியும் முழங்காலைப் பிடுங்கும். 2.2 மீட்டர் நகர்த்தும் சின்னக் கியரில் அதே வேகத்துக்கு 68 முறை மிதிக்கிறோம். ஒவ்வொரு மிதிக்கும் பாதிக்கும் குறைவான விசை போதும். கடன் அதேதான், தவணை மட்டும் சின்னது. இ.எம்.ஐ. கட்டுகிறவனை யாரும் கோழை என்று சொல்வதில்லையே.

வெலோசியோ தன் பயணிகளுக்குச் சில விதிகளும் வகுத்தார். பசிக்கும் முன் சாப்பிடு. தாகம் எடுக்கும் முன் குடி. முதல் சில மணி நேரம் தெம்பாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் செலவழித்துவிடாதே. கடைசி விதி: வீம்புக்காக மிதிக்காதே. சாராம்சம் இவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு 1967க்கு வந்தால் வயிற்றைப் பிசைகிறது. அன்றைய டூரில் வீரர்களுக்குக் கொடுக்கும் தண்ணீருக்கு அளவு இருந்தது. நிறையக் குடித்தால் கெடுதல் என்று நம்பினார்கள். தாகம் தாங்காமல் வழியிலுள்ள பார்களுக்குள் பாய்ந்து கையில் அகப்பட்ட பாட்டிலை அள்ளிவருவது சகஜம். சிம்ப்சனுக்குச் சில நாளாக வயிறு சரியில்லை. கடும் வெயில். உடம்பில் ஆம்ஃபெட்டமினும் ஆல்கஹாலும் இருந்தது பிறகு தெரியவந்தது. முதல்முறை விழுந்தபோது அவரே கேட்டுக்கொள்ள, தூக்கிச் சைக்கிளில் உட்காரவைத்தார்கள். இன்னும் சில நூறு மீட்டர் மிதித்தார். அவ்வளவுதான்.

அவரை வீம்பு பிடித்தவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நல்ல இடத்தில் முடித்தால்தான் வருமானம் என்ற நிலைமை அவருக்கு. அந்த அமைப்பே தசையையும் தாகத்தையும் வீரமாக எண்ணிக் கட்டப்பட்டது. அங்கே கியர் அனுமதிக்கப்பட்டு 30 வருஷம் ஆகியிருந்தது. தண்ணீர் இன்னும் அனுமதிக்கப்படவில்லை.

ஆனால் எங்களுக்கு என்ன நிர்ப்பந்தம்? உச்சிக்கு 6 கிலோமீட்டர் முன்னால் காடு முடிகிற இடத்தில் ஷாலே ரேனார் என்ற உணவகம் இருக்கிறது. அங்கே வந்து சேர்ந்தபோது எங்களில் ஒருவனுக்கு வியர்வையே நின்றிருந்தது. "லேசா தலை சுத்துதுடா. ஆனா ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றான். யாரும் பதில் பேசாமல் அவன் சைக்கிளை வாங்கிச் சுவரில் சாய்த்தோம். நிழலில் உட்காரவைத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தோம். இரண்டு பேர் மேலே போனார்கள். மற்ற இருவரும் அவனோடு இருந்துவிட்டோம். சாயங்காலம் வேன் வரவழைத்து இறங்கினோம். வெலோசியோவின் கடைசி விதியை அவனுக்குச் சொன்னேன். "நூறு வருஷத்துக்கு முன்னாடியே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பத்தித் தெரிஞ்சிருக்கே" என்றான்.

வெலோசியோ 1930இல், 76 வயதில், சேன்-எத்தியேனில் டிராம் மோதி இறந்தார். அப்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தார். அவருடைய நினைவுச்சின்னம் அந்த ஊருக்கு மேலே ஒரு கணவாயில் இருக்கிறது.

மறுநாள் காலை ஐந்து பேரும் வேனிலேயே வாந்தூ ஏறினோம். சிம்ப்சன் நினைவுக்கல்லின் படிகளில், வருகிறவர்கள் எதையாவது வைத்துவிட்டுப் போவது வழக்கம். தொப்பிகள் இருந்தன, டயர்கள் இருந்தன. பெரும்பாலும் இருந்தவை தண்ணீர் பாட்டில்கள்.