கோபிஸ் செடிக்குப் போடும் உரம் எங்கே போகிறது?

பசாரில் நாம் கோபிஸ் என்று கேட்டு வாங்கும் முட்டைகோஸ் பெரும்பாலும் கேமரன் மலையிலிருந்து வருகிறது. அதையே புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் பக்கம் வீட்டுக் கொல்லையில் நட்டால், பல சமயம் இலை அகலமாக விரியுமே தவிர உருண்டை கட்டாது. உரம் போதவில்லை என்று நினைத்து இன்னொரு பிடி போடுவோம். உரம் விற்கும் விலையில் அது வீண் செலவு. குறை பெரும்பாலும் ரகத்திலும் தண்ணீரிலும்தான் இருக்கும்.

முட்டைகோஸ் நன்றாக உருண்டை கட்ட 15 முதல் 20 பாகை வெப்பம் ஏற்றது. கோலசிலாங்கூரில் நண்பகலில் 32 பாகையைத் தாண்டுவது சாதாரணம். குளிர்ப்பகுதி ரகத்துக்கு இங்கே எவ்வளவு உரம் கொடுத்தாலும் அது இலைக்கே போகும். ஆகவே விதை வாங்கும்போதே கே.கே. கிராஸ் போன்ற, வெப்பம் தாங்கும் கலப்பின ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இவை நாற்று நட்ட சுமார் இரண்டு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். குறுகிய காலப் பயிர் என்பதால் உரத்தைப் பிரித்து, முன்கூட்டியே கொடுப்பது நல்லது. உருண்டை கட்டும் வாரங்களில்தான் செடி அதிகச் சத்தை இழுக்கிறது. அறுவடை நெருங்கும்போது போடும் உரத்தால் பெரிய பயன் இல்லை.

அடுத்தது தண்ணீர். தழைச்சத்து மண்ணிலுள்ள நீரோடு கரைந்து வேருக்கு வருகிறது. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மண்ணின் ஈரத்தில் மெல்ல நகர்ந்து வர வேண்டும். மண் காய்ந்தால் உரம் பக்கத்தில் கிடந்தும் வேருக்கு எட்டாது. முட்டைகோஸின் வேர் பெரும்பாலும் மேல் ஓர் அடி மண்ணில்தான் பரவுகிறது. அந்த அடுக்குதான் முதலில் காய்வதும்.

கால்சியத்தின் கதை வேறு. வெயிலில் நீரை ஆவியாக்கும் வெளி இலைகளுக்கே அது முதலில் போகிறது. மூடிக்கிடக்கும் உள் இலைகளுக்கு, மண் ஈரமாக இருக்கும் இரவு நேரத்தில் வேரின் அழுத்தத்தால்தான் ஓரளவு ஏறுகிறது. மண் காய்ந்திருந்தால் அதுவும் இல்லை. வெட்டிப் பார்க்கும்போது உள் இலை ஓரங்கள் பழுப்பாகக் கருகியிருப்பது இதனால்தான். நோய் என்று நினைத்து மருந்து அடிப்பதில் பயனில்லை. மேலே தெளிக்கும் கால்சியமும் உள்ளே போகாது. தழைச்சத்தைக் கூட்டினால் செடி வேகமாக வளர்ந்து கருகல் அதிகமாகும். இதைத் தாங்கும் சக்தியும் ரகத்துக்கு ரகம் மாறும்.

அதற்காகத் தண்ணீரைத் தேக்கிவிடவும் கூடாது. நம் கடலோரக் களிமண்ணில் மாலை மழை நின்றுவிட்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. தழைச்சத்தின் ஒரு பகுதி வாயுவாகிப் பறந்துவிடும். ஓர் அடி உயரத்துக்குப் பாத்தி எடுத்து நடுவதே நல்லது.

வாய்க்காலை மட்டும் மிக ஆழமாக வெட்ட வேண்டாம். இந்தக் கடலோர மண்ணில் சில இடங்களில் அடியில் கந்தகச் சேர்மம் உண்டு. நீர் வடிந்து காற்று பட்டால் அது அமிலமாகும். செம்பனைத் தோட்டங்களில் மதகு வைத்து நீர்மட்டத்தைத் தாங்கிப் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வாய்க்கால் நீர் துருநிறமாக ஓடினாலோ, தோண்டிய மண்ணில் வைக்கோல் மஞ்சள் திட்டுகள் தெரிந்தாலோ அங்கே மேலும் தோண்டக் கூடாது. காம்புட் மண்ணும் புளிப்பு மண்தான். செம்பு, போரான் சத்தும் அதில் குறைவு. போரான் குறைந்தால் தண்டின் நடுவே பொந்து விழும். நடுவதற்குச் சில வாரம் முன்பே சுண்ணாம்புத் தூள் கலந்து, மண்ணின் பி.எச். அளவை 6 முதல் 6.5 வரை கொண்டுவர வேண்டும்.

தினமும் காலையில் கொஞ்சம், வெயில் கடுமையானால் மாலையிலும் கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும். பாத்தியை வைக்கோலால் மூடினால் ஈரம் நிற்கும். பல நாள் காய்ந்த பிறகு திடீரெனப் பெருமழை பெய்தால், முற்றிய உருண்டை வெடித்துவிடும். அப்படி மழை வரும்போலிருந்தால் உருண்டையைப் பிடித்து மெல்லக் கால் சுற்று திருப்பி விடுங்கள். சில வேர்கள் அறுந்து, செடி இழுக்கும் நீர் குறையும். அறுவடைக்குச் சில நாள் அவகாசம் கிடைக்கும்.