மிஞ்சிய பெட்டை

பன்றியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வாசகர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். வராக அவதாரத்துக்குக் கைகூப்புகிறவர்கள்தாமே நாம்!

ஆரோவில்லிலிருந்து மரக்காணம் போகும் வழியில், உப்பளம் கண்ணில் படுகிற இடத்தில், ஒரு பெரியவரோடு பேச நேர்ந்தது. கறுப்பு நாட்டுப் பன்றிகள் ஏழெட்டு வைத்திருந்தார். முன்பு ஒரு தடவை கொள்ளை நோய் வந்து, பட்டி முழுவதும் அழிந்து, ஒரே ஒரு பெட்டை மிஞ்சிற்றாம்.

"நல்ல வெலைக்குக் கேட்டாங்க ஐயா, குடுக்கலே. எல்லாம் செத்தப்போ நின்னது அது. அது வயித்துலே பொறந்ததை நோவு அண்டாது" என்றார்.

அண்டியதா, இல்லையா? கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது. ஆனால் அவர் பேச்சு என்னை விடவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கென்யாவில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டுப் பன்றிகளைக் கொண்டுபோய் வளர்த்தார்கள். அவை கூட்டம் கூட்டமாகச் செத்தன. மான்ட்கோமரி என்ற கால்நடை வைத்தியர் 1921-ல் இந்த நோயை விவரித்து எழுதினார். இதுதான் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். வேடிக்கை என்னவென்றால், முகமெல்லாம் மருவுள்ள அந்த ஊர்க் காட்டுப் பன்றி அதே வைரஸைச் சுமந்துகொண்டு சௌக்கியமாக மேய்கிறது!

மொஸாம்பிக் தேசத்தில் அங்கோனியா என்று ஒரு வட்டாரம். அங்கே வீட்டுப் பன்றிகளிலும் பல, நோயைக் கண்டு பிழைத்தவை என்று ரத்தப் பரிசோதனை காட்டியது. நம் பெரியவர் செய்ததையே விஞ்ஞானிகளும் செய்தார்கள். பிழைத்தவற்றின் குட்டிகளை வளர்த்து, வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். அநேகமாக எல்லாமே செத்துப்போயின. 2004-ல் வெளியான அந்த முடிவைப் படித்தபோது, பெரியவர் முகம்தான் என் முன்னால் நின்றது.

பிறகு மருப்பன்றியின் மரபணு ஒன்றைப் போலவே வீட்டுப் பன்றியின் மரபணுவையும் திருத்திப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை என்று 2020-ல் தெரிந்தது.

வேறொரு நோயில் மட்டும் ஜயம் கிடைத்தது. 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் சினைப் பன்றிகள் குட்டிகளைச் செத்தே ஈன்றன. பிறந்தவையும் மூச்சுத் திணறின. காரணம் புரியாமல் 'மர்ம நோய்' என்றார்கள். 1991-ல் ஹாலந்தில் வைரஸைப் பிடித்தார்கள். அது உயிரணுவுக்குள் நுழைய, சிடி163 என்ற ஒரு புரதம்தான் வாசல். மிஸௌரி சர்வகலாசாலையில் பிராதர் என்பவரும் கூட்டாளிகளும் அந்த வாசலையே எடுத்துவிட்டுக் குட்டிகளைப் பிறப்பித்தார்கள். நோயுள்ள பன்றிகளோடு ஒரே கொட்டிலில் 35 நாள் கிடந்தும் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பி.ஐ.சி. என்ற கம்பெனி இதே வழியில் உண்டாக்கிய பன்றியை உணவாக்க 2025-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதித்தது. நம் மிஜோரத்துக்கு அந்த நோய் 2013-லேயே வந்துவிட்டது. பன்றி எப்போது வரும், என்ன விலைக்கு வரும் என்பது கம்பெனிக்கே வெளிச்சம்.

ஆப்பிரிக்கக் காய்ச்சலும் 2020-ல் அஸ்ஸாமுக்கு வந்தது. 2023-ல் முதுமலைக் காட்டில் பன்றிகளைக் கொன்றது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வளர்ப்புப் பன்றிகளையெல்லாம் கொன்று புதைக்க வேண்டும் என்பது விதி. விதியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நோய் பரவாமல் தடுக்க அதுதான் வழி. ஆனால், எல்லாம் செத்த பிறகும் அந்த வட்டத்துக்குள் ஒரு கறுப்புப் பெட்டை நின்றுகொண்டிருந்தால்?

அதையும் சேர்த்துத்தான் புதைப்பார்கள்.